சமூக அறக்கட்டளையின் ஓர் ஆண்டு: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

பள்ளி திறந்து ஆறு வாரம் கழித்து நோட்டுப் புத்தகத்துக்கான பணம் வந்து சேர்கிறது. மழைக்காலம் ஓய்ந்த பிறகு, ஒழுகும் கூரையை அடைக்க ஒப்புதல் கடிதம் போகிறது. சமூக அறக்கட்டளைகளில் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான். நிதியாண்டின் முதல் நாளில் ஆரம்பித்து, ‘இந்த மாதம் விண்ணப்பம், அடுத்த மாதம் கூட்டம்’ என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனால், பணம் போய்ச் சேரும் நாள் எங்கேயோ போய் விழும். காசு கையில் இருக்க வேண்டிய நாளை முதலில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பழகுங்கள். மற்ற வேலைகள் எல்லாம் அந்த எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டியவை.

சமூக அறக்கட்டளை என்றால் என்ன என்பதில் முதலில் தெளிவு வேண்டும். ஒரு குடும்பமோ ஒரு நிறுவனமோ தன் பணத்தைப் போட்டு நடத்தும் அறக்கட்டளை வேறு. இங்கே பலருடைய பணம் ஒரே இடத்தில் சேர்கிறது, ஒரு வட்டாரத்துக்காக நிரந்தரமாக நிற்கிறது, அந்த வட்டாரத்து மக்களில் சிலரே அதை எங்கே கொடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஃப்ரெடரிக் காஃப் என்ற வங்கித் தலைவர் தொடங்கியதுதான் இந்த வகையில் முதலாவது. காலமானவர்கள் உயிலில் எழுதிவைத்த நோக்கங்கள் காலாவதியாகியும், பணம் அதிலேயே கட்டுண்டு கிடப்பதை அவர் கண்டார். நோக்கம் செத்துப்போனால் வேறொரு நோக்கத்துக்குப் பணத்தைத் திருப்ப, உள்ளூர்க் குழு ஒன்றுக்கு அதிகாரம் கொடுத்தார். ஆகவே பொறுப்பேற்றதும் உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்து, நோக்கத்தை மாற்றும் அதிகாரம் பற்றிய பிரிவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வழக்கறிஞரிடம் பேச வேண்டிய முதல் விஷயம் அதுவே.

பணத்தை வகை பிரித்தல்

கையில் இருக்கும் பணம் எல்லாம் ஒரே மாதிரிப் பணம் அல்ல. நிபந்தனை இல்லாத பொதுநிதி, கல்வி அல்லது சுகாதாரம் என்று ஒரு துறைக்கு ஒதுக்கியது, பெயர் குறிப்பிட்ட ஓர் அமைப்புக்கு மட்டும் போக வேண்டியது, எங்கே கொடுக்கலாம் என்று நன்கொடையாளர் அவ்வப்போது யோசனை சொல்வது, இந்த ஆண்டே செலவழித்துத் தீர்க்க வேண்டியது, அலுவலகம் நடத்துவதற்கானது எனக் குறைந்தது ஆறு வகை தேறும். ஒவ்வொரு நிதிக்கும் ஒரு பக்கத் தாள் போடுங்கள்: நிதியின் பெயர், தொடங்கிய நாள், நன்கொடையாளரின் சொந்தச் சொற்களில் நோக்கம், மூலத்தொகையைத் தொடலாமா கூடாதா, நோக்கம் நிறைவேறவே முடியாமல் போனால் என்ன செய்வது, யார் கையெழுத்து. பழைய நிதிகள் பாதிக்கு இந்தக் கடைசி இரண்டு விவரங்கள் கிடைக்காது. நன்கொடையாளர் உயிருடன் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

வங்கிக் கணக்கு ஒன்றாக இருக்கலாம், பேரேடு தனித்தனியாக இருக்க வேண்டும். மூலநிதிகளை, அதாவது செலவழிக்காமல் நிரந்தரமாக நிறுத்திவைக்கும் பணத்தை, ஒன்றாகச் சேர்த்து முதலீடு செய்யும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்த முதலீடு 1,00,000, அதில் ஒவ்வொரு நிதிக்கும் எவ்வளவு பங்கு என்று அளக்க அதை 1,000 அலகுகளாகப் பிரித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஓர் அலகு 100. ஓராண்டில் முதலீடு 1,20,000 ஆகிறது, அலகின் மதிப்பு 120. இப்போது புதிய நன்கொடையாக 12,000 வருகிறது. அதற்கு 100 அலகுகள் தர வேண்டும். பழைய விலையிலேயே 120 அலகுகள் கொடுத்துவிட்டால் மொத்தம் 1,32,000, அலகுகள் 1,120, ஆக ஓர் அலகு சுமார் 117.86 ஆகிவிடும். முன்பே கொடுத்தவர்களின் ஒவ்வோர் அலகிலிருந்தும் இரண்டுக்கு மேல் புதியவரின் நிதிக்குப் போய்விட்டது. யாரும் திருடவில்லை, ஆனால் பணம் இடம் மாறிவிட்டது. மாதக் கடைசி மதிப்பில்தான் அலகு ஒதுக்குவது என்று விதி வைத்து, நடுமாதத்தில் வரும் பணத்தை அதுவரை சேமிப்புக் கணக்கில் வைத்திருங்கள்.

இந்த ஆண்டு எவ்வளவு கொடுக்கலாம்?

மூலநிதியிலிருந்து எடுப்பதற்குப் பரவலாக இருக்கும் முறை இது: கடந்த 12 காலாண்டுகளின் இறுதி மதிப்பைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதில் 4 முதல் 5 சதவீதம். இன்றைய மதிப்பில் நேரடியாகச் சதவீதம் எடுக்காததற்குக் காரணம் எளியது. சராசரி 100, இன்றைய மதிப்பு 120 என்றால் 4 சதவீதத்தில் 4 எடுப்பீர்கள், 4.8 அல்ல. அடுத்த சில காலாண்டுகளில் சந்தை விழுந்து மதிப்பு 80 ஆனாலும், சராசரி இன்னும் 100க்கு அருகில் நின்றால் 4க்கு அருகிலேயே எடுப்பீர்கள், 3.2க்கு இறங்க மாட்டீர்கள். சந்தை ஆடும் ஆட்டத்தை, உங்களை நம்பியிருக்கும் சிறு அமைப்புகளின் சம்பள நாள் வரை கொண்டுபோகாமல் தடுக்கும் சுவர் இது.

சதவீதத்தை முடிவு செய்யும் முன் ஒரு கூட்டல் போடுங்கள். செலவுக்கு 4, நிர்வாகக் கட்டணம் 1, பணவீக்கம் 3 என்றால் முதலீடு ஆண்டுக்குச் சராசரியாக 8 சதவீதம் ஈட்டினால்தான் மூலநிதியின் வாங்கும் சக்தி தேயாமல் இருக்கும். பணவீக்கம் அதிகமுள்ள நாட்டில் இதே 4 சதவீதம் மூலநிதியை மெல்ல அரித்துவிடும். நிதியின் மதிப்பு, மொத்தமாகப் பெற்ற நன்கொடைத் தொகைக்குக் கீழே இறங்கிவிட்டால் எடுக்கும் தொகையைக் குறைப்பது பற்றி அறங்காவலர் குழு தனியாக விவாதித்து, குறிப்பேட்டில் பதிய வேண்டும். சில நாடுகளில் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே உண்டு, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி எடுக்கலாம் என்று வந்த தொகையிலிருந்து இரண்டு விஷயங்களைக் கழிக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒப்புக்கொண்டு இந்த ஆண்டு தர வேண்டிய தவணைகள் முதலாவது. இதை மறந்துவிட்டு முழுத்தொகையையும் புதிதாக அறிவித்துவிட்டு, மூன்றாவது மாதம் தலையில் கைவைக்கும் அறக்கட்டளைகள் உண்டு. அடுத்தது, வெள்ளம், தீ போன்ற அவசரத்துக்கான ஒதுக்கீடு. பத்தில் ஒரு பங்கு போதும். ஆண்டுக் கடைசியில் மிஞ்சினால் அடுத்த சுற்றுக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

பின்னோக்கி எண்ணுதல்

பணம் கிடைக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவோம். ஒப்பந்தக் கடிதம் கையெழுத்தாகி, வங்கி விவரம் சரிபார்த்து, தொகை போக இரண்டு வாரம். அதற்கு முன் அறங்காவலர் கூட்டம், அறிவிப்புக் காலத்தோடு ஒரு வாரம். தேர்வுக் குழு படித்து மதிப்பெண் போட்டுக் கூட இரண்டு வாரம். நேரில் போய்ப் பார்க்க நான்கு வாரம். விண்ணப்பங்களை முதல் வடிகட்டல் செய்ய ஒரு வாரம். விண்ணப்பிக்க ஆறு வாரம். ஆக 16 வாரம். வட்டாரத்தின் தேவை என்ன என்று கேட்டறிய அதற்கும் முன்னால் எட்டு வாரம் வேண்டும். மொத்தம் 24 வாரம், ஏறத்தாழ ஆறு மாதம். பள்ளி திறக்கும் நாளில் பணம் வேண்டுமென்றால், முந்தைய கல்வியாண்டின் பாதியிலேயே வேலை தொடங்கியாக வேண்டும்.

நேரம் நெருக்கும்போது பெரும்பாலும் வெட்டப்படுவது விண்ணப்பக் காலம். ஆறு வாரம் இரண்டு வாரமாகச் சுருங்கினால் என்ன ஆகும்? விண்ணப்பம் எழுதுவதற்கென்றே ஆள் வைத்திருக்கும் பெரிய அமைப்புகள் மட்டும் வரும். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் சேவை செய்கிறவர்கள் வர மாட்டார்கள். உங்கள் அறக்கட்டளை யாருக்காக இருக்கிறதோ, அவர்களையே வாசலில் நிறுத்திவிட்டதாக ஆகும்.

கேட்டறிதல்

நூறு கேள்விப் படிவத்தைவிட நாற்பது உரையாடல் பயன் தரும். கிராமச் செவிலியர், பள்ளித் தலைமையாசிரியர், இரவுப் பணி ஓட்டுநர், நூலகர், வீட்டு வேலை செய்பவர், சக்கர நாற்காலியில் வருபவர் என்று பட்டியலை வேண்டுமென்றே கலந்து போடுங்கள். மூன்று கேள்வி போதும்: சென்ற ஓராண்டில் எது மோசமானது, அதற்கு இப்போது யாரிடம் போகிறீர்கள், அங்கே என்ன கிடைக்கவில்லை? மூன்றாவது கேள்விதான் பணம் போக வேண்டிய இடத்தைக் காட்டும். சேவை அமைப்புகளிடம் மட்டும் கேட்டால், ஒவ்வொருவரும் தாங்கள் செய்வதுதான் ஊரின் பெரிய தேவை என்பார்கள். அது பொய்யல்ல, ஆனால் பாதி உண்மை.

கேட்டதை எண்களோடு ஒப்பிடுங்கள். கனடாவின் டொரண்டோவில் 2001இல் அங்குள்ள சமூக அறக்கட்டளை, வீட்டுவசதி, பாதுகாப்பு, வருமான இடைவெளி போன்ற பொதுத் தரவுகளைத் திரட்டி, நகரத்தின் உடல்நிலை அறிக்கை போல வெளியிடத் தொடங்கியது. பின்னர் பல ஊர்கள் அதைப் பின்பற்றின. புதிதாக ஆய்வு நடத்த வேண்டியதில்லை. அரசு ஏற்கெனவே வெளியிட்டதைப் பத்துப் பக்கத்தில் தொகுத்தாலே, பேச்சில் வந்ததில் எது பரவலானது, எது ஒரு தெருவுக்கு மட்டும் உரியது என்று தெரிந்துவிடும்.

கூட்டாளிகள்

உள்ளாட்சி, வணிக நிறுவனம், வேறோர் அறக்கட்டளை என்று யாரோடு சேர்ந்தாலும் இரண்டு பக்கப் புரிந்துணர்வுக் கடிதம் வேண்டும். யார் எவ்வளவு எப்போது தருகிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள், யார் செலவு செய்து கணக்குக் காட்டுகிறார்கள், யாருடைய பெயர் எங்கே வரும், பிரிந்து போவதாக இருந்தால் எப்படி? கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடப்படாதீர்கள். உறவு நன்றாக இருக்கும்போதுதான் அதைப் பேச முடியும்.

‘நீங்கள் திரட்டும் அளவுக்கு நாங்களும் போடுகிறோம்’ என்ற இணைத்தொகைத் திட்டம் மக்களை நன்றாகத் தூண்டும். உச்சவரம்பு, கடைசி நாள், வாக்குறுதியைக் கணக்கில் எடுப்பதா, கைக்கு வந்த பணத்தை மட்டுமா என்ற மூன்றும் முதல் அறிவிப்பிலேயே இருக்கட்டும். வரம்பு போடாமல் அறிவித்துவிட்டு, எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு திரண்டால், வெற்றியே கடனாகிவிடும். கூட்டாளியின் பணம் உங்கள் கணக்கில் ஏறும் வரை, அதை நம்பி யாருக்கும் ஒப்புதல் கடிதம் அனுப்பாதீர்கள். நிறுவனங்களின் நிதியாண்டு உங்களுடையதோடு ஒத்துப்போகாதபோது இந்தச் சிக்கல் கட்டாயம் வரும். இருவர் சேர்ந்து ஓர் அமைப்புக்குக் கொடுத்தால் ஒரே அறிக்கைப் படிவத்தை ஏற்க ஒப்புக்கொள்ளுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு வடிவத்தில் அறிக்கை கேட்பது, கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை நாமே திரும்பப் பிடுங்குவதற்குச் சமம்.

விண்ணப்பமும் விசாரணையும்

விண்ணப்பம் எழுதுவதும் செலவுதான். இருபது அமைப்புகள் ஆளுக்கு 30 மணி நேரம் செலவிட்டால் 600 மணி நேரம். அதில் நான்கு பேருக்குத்தான் பணம் கிடைக்கும் என்றால், மற்ற பதினாறு பேரின் 480 மணி நேரம் ஊரின் சேவையிலிருந்து போய்விட்டது. எனவே முதலில் ஒரு பக்கக் கடிதம் கேட்டு, அதில் தேறியவர்களை மட்டும் முழு விண்ணப்பத்துக்கு அழையுங்கள். தர முடிந்த ஒவ்வொரு நிதியுதவிக்கும் இரண்டு பேருக்கு மேல் அழைக்க வேண்டாம். சிறிய தொகைக்கு அந்த ஒரு பக்கக் கடிதமும் செலவுப் பட்டியலும் போதும். எழுதத் தயங்குபவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்ப வழி வையுங்கள். எவற்றுக்குப் பணம் தர மாட்டீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் வீண் விண்ணப்பங்கள் கணிசமாகக் குறையும்.

செலவுப் பட்டியலில் வாடகை, மின்சாரம், கணக்காளர் சம்பளம் இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். அவை இல்லாத பட்டியல்தான் சந்தேகத்துக்குரியது. அந்தச் செலவை வேறு எங்கோ ஒளித்திருக்கிறார்கள், அல்லது யாரோ ஒருவர் சம்பளமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கிறார்.

ஆவணங்களில் பதிவுச் சான்று, நிர்வாகிகள் பட்டியல், தணிக்கை செய்த கணக்கு, அது இல்லாத சிறு அமைப்பென்றால் ஓராண்டு வங்கி அறிக்கை, இவை போதும். வங்கிக் கணக்கின் பெயரும் பதிவுச் சான்றின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பதிவு செய்யாத குழுவென்றால், பதிவுள்ள அமைப்பு ஒன்று பணத்தைப் பெற்றுப் பொறுப்பேற்கும் ஏற்பாடு சட்டப்படி செல்லுமா என்று கேட்டுச் செய்யலாம்.

நேரில் போகும்போது வரவேற்பு எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், எல்லா அமைப்புக்கும் ஒரே கால அளவு ஒதுக்குங்கள். ஒன்றரை மணி நேரம் சரியாக இருக்கும். தலைவர் மட்டுமே பேசுகிறாரா, களப்பணியாளர் குறுக்கிட்டுத் திருத்தும் துணிவோடு இருக்கிறாரா என்பதைக் கவனியுங்கள். வருகைப் பதிவேட்டில் எல்லா நாளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் முந்தின நாள் இரவு எழுதியதாக இருக்கலாம்.

முடிவெடுக்கும் கூட்டம்

தேர்வுக் குழுவில் ஐந்து அல்லது ஏழு பேர். அறங்காவலர்கள் மட்டுமே இருக்கும் குழுவைவிட, வட்டாரத்து ஆட்கள் பாதிக்கு மேல் இருக்கும் குழு நல்ல கேள்விகள் கேட்கும். ஒவ்வொருவரும் தனியாகப் படித்து, கூட்டத்துக்கு முந்தின நாளே மதிப்பெண் அனுப்பிவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முதலில் பேசுபவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும். விண்ணப்பித்த அமைப்பில் உறவினரோ, வணிகத் தொடர்போ, பொறுப்போ இருப்பவர் அந்த விண்ணப்பம் வரும்போது அறையை விட்டு வெளியே போக வேண்டும். ‘நான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்’ என்றால் ஏற்காதீர்கள். அவர் வெளியேறிய நேரமும் திரும்பிய நேரமும் குறிப்பேட்டில் வரட்டும்.

சராசரி மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி மேலிருந்து வெட்டுவது எளிது, ஆனால் ஏமாற்றும். 7, 7, 7 வாங்கிய விண்ணப்பத்தில் பேச அதிகம் இல்லை. 10, 9, 2 வாங்கியதுக்கும் அதே சராசரிதான். அந்த 2 போட்டவர் எதைப் பார்த்தார் என்று கேட்பதில்தான் கூட்டத்தின் நேரம் போக வேண்டும்.

அடுத்து வருவது தாராள மனசின் பொறி. எல்லாரும் நல்லவர்கள், யாரையும் விட மனமில்லை, எனவே எல்லோருக்கும் கேட்டதில் பாதி. பாதிப் பணத்தில் பாதி வேலை நடக்காது. வண்டி வாங்கக் கேட்டவரிடம் இரண்டு சக்கரத்துக்கான காசு இருக்கும். குறைவான பேருக்கு முழுதாகக் கொடுங்கள். தொகையைக் குறைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், எந்தப் பகுதியை விடலாம் என்று அவர்களிடம் கேட்டுவிட்டுக் குறையுங்கள்.

இல்லை என்ற பதிலை ஒரு வாரத்துக்குள், உண்மையான காரணத்தோடு அனுப்புங்கள். முழு விண்ணப்பம் எழுதியவருக்குத் தொலைபேசியிலும் சொல்லலாம்.

பணம் போன பிறகு

சிறு தொகையை ஒரே தவணையில் கொடுத்துவிடுங்கள். பெரியதை 70, 30 என்று இரண்டாகப் பிரிக்கலாம். வேலையெல்லாம் முடிந்து அறிக்கை வந்த பிறகுதான் கடைசிப் பங்கு என்று வைத்தால், கையில் இருப்பில்லாத அமைப்பு அதுவரை கடன் வாங்கி ஓட்டும். ஒப்புதலுக்குப் பிறகு ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தால், அதில் உள்ள எண்ணை அழைக்காமல், உங்கள் கோப்பில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் பேசி உறுதி செய்யுங்கள். மோசடிக்காரர்களுக்குப் பிடித்த நேரம் இது.

மூன்றாவது மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். செலவுத் தலைப்புகளுக்கிடையே 15 சதவீதம் வரை அனுமதி கேட்காமலே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பாதிக் கடிதப் போக்குவரத்து மிச்சம். இறுதி அறிக்கை இரண்டு பக்கம்: என்ன செய்தீர்கள், திட்டமிட்டதில் எது நடக்கவில்லை, ஏன். நடக்காததை எழுதியவருக்கு அடுத்த ஆண்டு பணம் மறுக்கப்பட்டால், அதன்பின் எவரும் உண்மை எழுத மாட்டார்கள்.

நன்கொடையாளர்கள்

ரசீது இரண்டு வேலை நாளுக்குள் போக வேண்டும், தொகை எதுவானாலும். கனடாவில் முதல் சமூக அறக்கட்டளையான வின்னிபெக் அறக்கட்டளை 1921இல் ஒருவர் கொடுத்த 1,00,000 டாலரில் தொடங்கியது. 1924இல் வந்த அடுத்த நன்கொடை, பெயர் சொல்லாத ஒருவர் உறையில் போட்டு அனுப்பிய மூன்று தங்க நாணயங்கள், மொத்தம் 15 டாலர். இரண்டையும் அந்த அறக்கட்டளை இன்றுவரை சேர்த்தே நினைவுகூர்கிறது. உங்கள் பதிவேட்டிலும் சிறுதொகை ‘இதர வரவு’ என்ற வரிக்குள் காணாமல் போக வேண்டாம்.

யோசனை சொல்லும் உரிமையுள்ள நன்கொடையாளரிடம், இறுதி முடிவு அறக்கட்டளையுடையது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். தன் பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கோ, தான் ஏற்கெனவே கொடுக்கிறேன் என்று வேறிடத்தில் ஒப்புக்கொண்ட கடனுக்கோ அந்த நிதியைப் பயன்படுத்தக் கேட்பவர்கள் உண்டு. கெட்ட எண்ணத்தில் அல்ல, அது இன்னும் தன் பணம்தான் என்ற நினைப்பில். நிலம், கட்டடம் தர முன்வந்தால் வில்லங்கம், வரி பாக்கி, பராமரிப்புச் செலவு மூன்றையும் பார்க்காமல் நன்றி சொல்லிவிடாதீர்கள். பயனாளிகளைப் பார்க்க நன்கொடையாளர் வர விரும்பினால் அவர்களின் சம்மதம் முதலில், புகைப்படத்துக்குச் சம்மதம் தனியாக.

கணக்கு முடிக்கும் மாதம்

நிதிவாரியான பேரேட்டின் கூட்டுத்தொகை வங்கி இருப்போடும் முதலீட்டு அறிக்கையோடும் ஒத்துப்போகாமல் தணிக்கையாளரிடம் போகாதீர்கள். ஆண்டறிக்கையில் யாருக்கு எவ்வளவு, எதற்கு என்ற பட்டியல் முழுதாக வரட்டும். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற இரண்டு எண்களும் அதே பக்கத்தில் இருந்தால், ஊரில் இன்னும் எவ்வளவு தேவை மிச்சம் என்பதை நன்கொடையாளரே படித்துக்கொள்வார். அறிக்கை அச்சுக்குப் போகும் முன், அடுத்த ஆண்டு தர வேண்டிய தவணைகளைத் தனித்தாளில் எழுதிப் பொருளாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். புது நாட்காட்டியின் மேல் முதலில் ஒட்ட வேண்டிய தாள் அதுதான்.